படத்துக்கு ஒரு முழம் பூ

தமிழ்நாட்டுப் பூ அலங்காரம் நாரிலும் முடிச்சிலும் நிற்கிறது. நனைத்த வாழைநாரை இடக்கையில் பிடித்து, இரண்டு மொட்டுகளை ஒரு பக்கமும் இரண்டை எதிர்ப்பக்கமும் காம்போடு காம்பு சேர வைப்பார்கள். காம்புகளின் மேல் நாரைச் சுற்றி, விரலில் ஒரு கண்ணி போட்டு இழுத்தால் முடிச்சு விழும். அழுத்தி இழுத்தால் காம்பு அறுந்துவிடும். தளர விட்டால் பூ நழுவும். விடியற்காலையில் பறித்த மல்லிகை சாயங்காலம்தான் விரியும் என்பதால் மொட்டாக இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். நெருக்கமாகக் கட்டிய சரம், விரிந்த பிறகு நாரே தெரியாமல் நிறைந்துவிடும். மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் இடையிடையே சேர்ந்தால் அது கதம்பம்.

இந்த மல்லிகைக்கு ராமேசுவரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடம் தாய்வீடு. மல்லிகைக் குச்சிகளை மணற்பாத்தியில் நெருக்கமாக ஊன்றி, வேர்விட்டதும் நாற்றாக விற்கிறார்கள். தண்ணீர் தேங்காமலும் ஈரம் வற்றாமலும் இருக்கும் கடலோர மணல் இதற்குத் தோதானது. இங்கிருந்து நாற்று மதுரைச் சுற்றுவட்டாரத்துக்கும் வெளிமாநிலங்களுக்கும் போகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியிலும் தங்கச்சிமடத்து நாற்றுக்குப் பங்கு உண்டு.

தொடுத்த பூ வாடிவிடும், படத்தில் பதிந்த பூ நிற்கும். பூ அலங்காரத்தை அச்சுப்படத்தில் பதிந்து வைத்தவர்களில் ஜப்பானியர் முன்னோடிகள். கியோத்தோ நகரின் ரொக்காக்குதோ கோயிலில் வேரூன்றிய இக்கெனோபோ மரபு, குடுவையில் கிளையும் பூவும் நிற்கவேண்டிய ஒழுங்கை வகுத்தது. அந்த ஒழுங்கை மரக்கட்டை அச்சில் வந்த நூல்கள் பரப்பின. 1765-ஐ ஒட்டிப் பல வண்ண மரஅச்சு வந்தபோது, சுசுகி ஹருநொபு போன்ற ஓவியர்களின் படங்களில் பூவும் குடுவையும் வீட்டு வாழ்க்கையின் பகுதியாகவே இடம்பெற்றன.

இந்தியாவில் அச்சுக்கு முன் ஓவியம் வந்தது. ராஜா ரவிவர்மா வரைந்த, கூந்தலில் பூச்சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் 1873-இல் சென்னைக் கண்காட்சியிலும் வியன்னா உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. ஜப்பான் அரசு முதன்முதலாக அதிகாரபூர்வமாகப் பங்கேற்ற உலகக் கண்காட்சியும் அதே வியன்னாவில்தான் நடந்தது. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம், தாமரைமேல் நிற்கும் லட்சுமியைக் கல்லச்சில் வண்ணப்படமாக்கி எளியவர் வீட்டுக்கும் கொண்டுபோனது. பிறகு கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் காலண்டர்களாகிக் கடைதோறும் தொங்கின. நாடகத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை அது. மாலையின் ஒவ்வொரு பூவையும் அவர்கள் பொறுமையாக எழுதியிருக்கும் விதம் இன்றும் நின்று பார்க்கத் தக்கது.

ஜப்பானிய அச்சில் பூ படத்துக்குள் இருக்கிறது. தமிழ் வீட்டில் அச்சுப்படமே பூச்சூடிக்கொள்கிறது. எழுதிய மாலைமேல் தொடுத்த சரமும் விழுவதால் ஓவியரின் வேலையும் பூக்கட்டுபவரின் வேலையும் ஒரே சட்டத்துக்குள் சேர்கின்றன. படத்துக்குப் பூச்சூட்ட எழுதி வைத்த இலக்கணம் இல்லை, பார்த்துப் பழகுவதுதான். சரத்தைச் சட்டத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் மாட்டி, நடுவில் தொய்யவிட வேண்டும். சாமியின் முகம் மறையக் கூடாது. முழத்துக்கு வழியில்லாத நாளில் ஒற்றைப் பூவை மேல் சட்டத்தில் செருகினாலும் போதும். வாடிய பூவை எடுத்துவிட்டுத்தான் புதுப்பூ வைப்பார்கள். எடுத்ததைக் கால்படாத இடத்தில், பெரும்பாலும் செடியின் தூரில், போடுவார்கள். மறைந்த பெரியவர்களின் புகைப்படத்துக்கும் மாலை உண்டு. உயிரோடு இருப்பவர் படத்துக்குப் போடுவதில்லை.