மூன்று நம்பர் சீட்டும் கிராம சபையும்

தமிழகத்தில் லாட்டரி 2003-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் டீக்கடை ஓரங்களில் மூன்று நம்பர் சீட்டு துண்டுக் காகிதத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பைத்துல்மாலுக்கு உதவி கேட்டு வரும் சகோதரிகள் சிலர் சொல்லும் காரணமும் இதுதான்.

சூது ஹராம் என்று ஜும்ஆ பயானில் சொல்லிவிடுகிறோம். பயானுக்கே வராதவருக்கு? அங்கேதான் ஊராட்சி வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2 அதில் ஒன்று. சீட்டு விற்கும் இடங்களைக் குறிப்பிட்டுத் தீர்மானம் கேட்போம். நிறைவேறியதும் நகல் வாங்கிக் காவல் நிலையத்தில் கொடுப்போம். தனி ஆளின் புகாரைத் தட்டிக்கழிக்கலாம். ஊர்த் தீர்மானத்தை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. ஊராட்சிக்குச் சொந்தமான கடையில் விற்றால் குத்தகையை ரத்து செய்யவும் கேட்கலாம்.

பெண்கள் அவசியம் வாருங்கள். கருகமணி அடகுக்குப் போன விவரம் உங்களுக்குத்தான் தெரியும்.