குதிகால் வலியா? முதலில் செருப்பைப் பாருங்கள்

காலையில் எழுந்து தரையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுருக்கென்று வலி. கொஞ்சம் நடந்தால் குறைந்துவிடும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் வரும். நாற்பதைத் தாண்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்கள் பலருக்கும் இது பழகிய தொல்லை. மாத்திரையும் தைலமும் வாங்குவதில் காட்டும் அக்கறையைச் செருப்பு வாங்குவதில் காட்டினால் பாதித் தொல்லை தீரும்.

வலி எங்கிருந்து வருகிறது?

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரை ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. வில்லுக்கு நாண் போலப் பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். இது ஓயாமல் இழுபடும்போது குதிகாலோடு சேரும் இடத்தில் நைந்து வலிக்கிறது. மருத்துவர்கள் இதை 'பிளாண்டார் ஃபேசியைட்டிஸ்' என்பார்கள், ஊர்வழக்கில் குதிவாதம். இரவில் ஓய்வில் சுருங்கியிருந்த சவ்வு காலையில் திடீரென்று இழுபடுவதால்தான் முதல் அடி அப்படி வலிக்கிறது.

எக்ஸ்-ரேயில் குதிகால் எலும்பு முள்போல வளர்ந்திருப்பது தெரிந்தால் பலர் பயந்துபோகிறார்கள். வலியே இல்லாதவர்கள் பலருக்கும் இந்த முள் இருக்கிறது. அதை அறுத்து எடுக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

மெத்தென்று இருந்தால் போதுமா?

குதிகால் வலி என்றதும் கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, எது பஞ்சுபோல அமுங்குகிறதோ அதையே வாங்கிவிடுகிறோம். அளவுக்கு மீறி மிருதுவான சோல் உடல் எடையில் நசுங்கி, சில வாரங்களில் தட்டையாகிவிடும். பாதமும் உள்பக்கமாகச் சாயும். தேய்ந்த ஹவாய் செருப்பும் தட்டையான ஷூவும் பாத வளைவைத் தாங்குவதில்லை. குதிகாலுக்கு மெத்தை வேண்டும். அதே சமயம் நடுப்பாதத்துக்கு உறுதியான தாங்கலும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே நல்ல காலணி.

கடையிலேயே செய்து பார்க்கலாம்

• வளைத்துப் பாருங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் வேண்டாம்.

• முறுக்கிப் பாருங்கள்: துணியைப் பிழிவதுபோல் எளிதாக முறுக்கிக்கொண்டால் அதில் உறுதி இல்லை.

• ஷூவின் பின்பக்கத்தை அழுத்துங்கள்: குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பகுதி விறைப்பாக இருக்க வேண்டும். செருப்பாக இருந்தால் பின்வார் உள்ளது நல்லது.

• உயரம்: குதிகால் பக்கம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் சவ்வின் இழுப்பு குறையும். ஹை ஹீல்ஸ் வேண்டாம். அது பாரத்தை முன்பாதத்துக்குத் தள்ளி, கெண்டைக்கால் தசையைச் சுருக்கிவிடும்.

நாள் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் வாங்குவது நல்லது. இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, கடைக்குள் நடந்து பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். 'போடப் போடச் சரியாகிவிடும்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக்குள் வெறுங்காலா?

வெளியே போக நல்ல ஷூ வாங்கிவிட்டு, கிரானைட்டிலும் டைல்ஸிலும் மணிக்கணக்கில் வெறுங்காலோடு சமைத்தால் என்ன பயன்? வீட்டுக்குள் போடுவதற்கென்றே குதிகால் மெத்தை உள்ள ஒரு ஜோடி செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வலி உள்ளவர்கள் அதைக் கட்டிலடியிலேயே வைத்திருந்து, காலையில் முதல் அடியையே அதில் வையுங்கள்.

வேலையிடத்தில் காலணியோடு ஓய்வும் முக்கியம். கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கிடைக்கும் இடைவெளியில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

எம்.சி.ஆர். செருப்பு யாருக்கு?

உணர்ச்சி இழந்த தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வராமல் காக்க, வேலூரில் பால் பிராண்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நுண்துளை ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பைப் பயன்படுத்தினார்கள். இன்று சர்க்கரை நோயாளிகள் அணிவதும் அதுவே. குதிகால் வலிக்கும் இதமாக இருக்கும். ஆனால், அடியில் உறுதியான சோல் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பைத் தவிர்க்க வேண்டும். எருக்கிலையும் சுட்ட செங்கல்லும் வைத்து ஒத்தடம் கொடுப்பதும் அவர்களுக்கு ஆபத்து. சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

செருப்போடு இவையும்

படுக்கையைவிட்டு எழும்முன் ஒரு துண்டை முன்பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல் உங்களை நோக்கி இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். சுவரில் கையூன்றி, குதிகாலைத் தரையில் பதித்துக் கெண்டைக்காலை நீட்டுங்கள். உணர்ச்சி குறையாத பாதம் என்றால், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பாதத்தின் கீழ் உருட்டலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிக்கான் பேடை இரு கால்களுக்கும் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டால் நடை சாயும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

வீக்கம், சிவப்பு, காய்ச்சல், மரத்துப்போதல், படுத்திருக்கும்போதும் விடாத வலி, விழுந்து அடிபட்டபின் வந்த வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் விறைத்தால் மூட்டுவாதமாக இருக்கலாம். மற்றபடி குதிவாதம் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிவிடும். சில மாதங்கள் பொறுமை வேண்டும். இன்றே உங்கள் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.