பேரப்பிள்ளைக்கு ஒரு கைத்தையல் போர்வை



பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நாம் கொடுக்கிற பரிசுகளில் பல, ஓரிரு வருடங்களில் உடைந்துபோகின்றன அல்லது மறந்துபோகின்றன. கையால் தைத்த ஒட்டுப்போர்வை அப்படியல்ல. துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து ஊசியால் தைப்பதே இப்போர்வை. தையல் நெருக்கமாயிருந்தால் பஞ்சு ஓரிடத்தில் திரளாது. போர்வை பல வருடங்கள் உழைக்கும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியார் அங்கே வாழ்கிறார்கள். அவ்வூர்த் தாய்மார், பிள்ளைகளைக் குளிரிலிருந்து காக்க, நைந்த வேலை உடைகளையும் சாக்குத் துணிகளையும் போர்வைகளாகத் தைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்ற தாய், மரித்துப்போன தம் கணவரின் வேலை உடைகளை வெட்டி, மகளின் உதவியோடு ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பை மூடிக்கொண்டு படுக்கவுமே தாய் அதைத் தைத்தார் என்று அம்மகள் பிற்காலத்தில் கூறினார். 2002-இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் அவ்வூர்ப் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது. 2006-இல் அவை அமெரிக்கத் தபால்தலைகளிலும் இடம்பெற்றன. விலையுயர்ந்த துணி எதுவும் அவற்றில் இல்லை. உடுத்தினவர் யார், தைத்தவர் யார் என்பதே அவற்றின் மதிப்பு.

நாமும் பழைய நூல் சேலை, சட்டைகளைக்கொண்டு இப்படித் தைக்கலாம். துணிகளை முதலில் துவைத்துக் காயவைத்தால், பிறகு சுருக்கமும் சாயமும் தொல்லை தராது. பின்புற ஓரத்தில் கொடுப்பவர் பெயரையும், குழந்தையின் பெயரையும், வருடத்தையும் நூலால் எழுதிவையுங்கள். ஈரம் தங்குமாதலால் பிளாஸ்டிக் பையில் வைக்காமல், துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றிவையுங்கள். அவ்வப்போது மடிப்பை மாற்றி மடியுங்கள்.

முக்கியமான ஒன்று: ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் இடத்தில் இப்போர்வையை வைக்கக்கூடாது. அது முகத்தை மூடி மூச்சுத் திணறச்செய்யும் ஆபத்துண்டு என மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். குழந்தை விழித்திருக்கையில், பெரியவர் அருகிலிருக்கத் தரையில் விரித்துக்கொள்ளலாம்.

ஒரு வயதுக்குப் பின், தாராளமாய்ப் போர்த்திக்கொள்ளக் கொடுங்கள். பெட்டியில் பூட்டிய போர்வையைப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். போர்த்தி, துவைத்து, நிறம் மங்கிய போர்வையையே அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் எடுத்துவைப்பார்கள்.