ஹீரோ பேசியது தெலுங்கு, ஹீரோயின் பேசியது தமிழ்! யார் இந்த திருவையாறு டி.பி.ராஜலட்சுமி?

1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் 'காளிதாஸ்' ரிலீஸ். ஹீரோ பி.ஜி.வெங்கடேசன் தெலுங்குல பேசுறார். ஹீரோயின் தமிழ்ல பதில் சொல்றார். தமிழின் முதல் பேசும் படம்னு நாம சொல்ற படம் இப்படித்தான் இருந்தது. அதில் தமிழ் பேசிய அந்த நாயகிதான் டி.பி.ராஜலட்சுமி.

தஞ்சை பக்கம் காவிரிக்கரை திருவையாற்றில் 1911-ல் பிறந்தவர். சின்ன வயசுலயே கல்யாணம், அது நிலைக்கவில்லை. அப்பாவும் இறந்துபோக, பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கிருந்துதான் சினிமா.

'காளிதாஸ்' படத்தை எடுத்தது பம்பாயில். 'ஆலம் ஆரா' தயாரித்த அர்தேஷிர் இரானிதான் இதற்கும் தயாரிப்பாளர், இயக்கம் எச்.எம்.ரெட்டி. காளிதாசர் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டு வரும். லாஜிக் இடிக்கும்தான், ஆனா அது சுதந்திரப் போராட்ட காலம்!

1936-ல் தான் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா'ன்னு படமாக்கினார். தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஆனது அப்படித்தான். அப்போ ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்களிலேயே தொடர்ந்து படம் இயக்கிய பெண் டோரதி ஆர்ஸ்னர் ஒருவர்தான்.

'சினிமா ராணி'ன்னு கொண்டாடப்பட்டவர் 1964-ல் மறைந்தார். இன்னைக்கு அவர் நடிப்பைப் பார்க்கலாம்னு தேடினா ஏமாற்றம்தான். அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், சரியா பாதுகாக்கலைன்னா சிதைஞ்சிடும். 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டுக்குமே பிரதி கிடையாது. 'காளிதாஸ்' படத்தில் மிஞ்சியது சில ஸ்டில்களும் ஒரு பாட்டுப் புத்தகமும்தான்.