கடவுச்சொல் மட்டும் ஏன் போதாது?

தேக்கா சந்தை வரிசையில் நின்றபடியே மத்திய சேம நிதிக் கணக்கைக் கைப்பேசியில் பார்க்கிறீர்கள். அதைத் திறக்கும் சாவி சிங்பாஸ். 2003இல் அது வந்தபோது கடவுச்சொல் ஒன்றே பூட்டு. 2014இல் 1,560 கணக்குகளில் பிறர் நுழைந்திருக்கலாம் எனத் தெரியவந்தது. 2015இல் இரண்டாம் பூட்டு சேர்ந்தது. 2018இல் செயலி வந்தது.

இத்தகைய செயலியைப் பதிவு செய்யும்போது, பொதுவாகக் கைப்பேசிக்குள் ஒரு ரகசிய மின்சாவி உருவாகும். அது வெளியே போகாது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் சேவைக் கணினி புதியதோர் எண்ணை அனுப்பும். உங்கள் விரல்ரேகையோ முகமோ பொருந்தினால், கைப்பேசி அந்த எண்ணுக்கு மின்கையொப்பம் இட்டுத் திருப்பி அனுப்பும். கடவுச்சொல்லை மட்டும் திருடியவரால் இந்தக் கையொப்பத்தை இட முடியாது.

அப்படியானால் மோசடி எப்படி நடக்கிறது? கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து நீங்கள் ஒப்புதல் தந்தால், அந்தக் குறியீட்டை உருவாக்கிய கணினியில்தான் உங்கள் கணக்கு திறக்கும். 'கருத்தாய்வுக்குப் பரிசு' என்று வாட்ஸ்அப்பில் வரும் குறியீடு, மோசடிக்காரரின் கணினியில் உருவானதாக இருக்கலாம். பூட்டு உடைவதில்லை, நீங்களே திறந்துவிடுகிறீர்கள்.

ஆகவே, நீங்களே தொடங்காத எதற்கும் ஒப்புதல் தராதீர்கள். செயலி காட்டும் இணைய முகவரியைப் படித்த பிறகே விரலை வையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.