உயிர் உண்டா எனும் வினா: மறுபயன்பாட்டு நீரில் பாக்டீரியாவை விரைந்து கண்டறிதல்

நீர்ச்சோதனை அறிக்கையைக் கையில் எடுப்போர் முதலில் தேடுவது ஒரு வரியை: '100 மில்லிலிட்டரில் ஈ.கோலி கண்டறியப்படவில்லை.' பலரும் இதனை 'ஈ.கோலி இல்லை' என்றே படிக்கின்றனர். மொழி பயில்வோர்க்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. 'இல்லை' என்பது பொருளின் இன்மையைக் கூறுகிறது. 'கண்டறியப்படவில்லை' என்பது தேடியவரின் செயலைக் கூறுகிறது. எதை, எவ்வாறு, எப்போது தேடினர் என்பதை அறிந்தாலன்றி அவ்வரிக்கு முழுப்பொருள் கிட்டாது. பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்கி மீண்டும் பயன்கொள்ளும் நாட்டில் இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதில்லை; மக்களின் உடல்நலத்தையும் தொடுகிறது.

சிங்கப்பூர் அத்தகைய நாடு. 1970களில் இங்கு நிகழ்ந்த முதல் முயற்சி செலவு மிகுதியால் கைவிடப்பட்டது. பின்னர், 2000ஆம் ஆண்டில் பிடோக்கில் செயல்விளக்க ஆலை இயங்கத் தொடங்கியது. 2003 முதல் 'நியூவாட்டர்' பயனீட்டுக்கு வந்தது. அதன் பெரும்பகுதி மின்னணுச் சில்லு ஆலைகளுக்கும் குளிரூட்டு அமைப்புகளுக்கும் செல்கிறது. ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலக்கப்பட்டு, மீண்டும் சுத்திகரிக்கப்பட்டபின் குடிநீராகிறது. பயன்படுத்திய நீர் முதலில் நுண்வடிகட்டலுக்கும், அடுத்து எதிர்ச் சவ்வூடு பரவலுக்கும், இறுதியில் புற ஊதாக் கதிருக்கும் உட்படுத்தப்படுகிறது.

ஈ.கோலி ஏறத்தாழ 1 முதல் 2 மைக்ரோமீட்டர் நீளமுடையது. எதிர்ச் சவ்வூடு பரவலுக்குரிய சவ்வோ கரைந்துள்ள உப்பையே தடுக்கவல்லது. அவ்வாறாயின் சோதனை எதற்கு? சவ்வு கிழியலாம், இணைப்பு வளையம் நெகிழலாம். நீரின் மின்கடத்துதிறனை இடைவிடாது அளக்கும் கருவிகள் ஆலையில் உண்டு. எனினும், மிகச் சிறிய கசிவு அவ்வளவில் தெளிவாகப் புலப்படாமற் போகலாம். மேலும், தூய நீரும் குழாயில் நெடுந்தொலைவு செல்கையில், குழாய்ச் சுவரில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தால் மீண்டும் பாக்டீரியாவைப் பெறலாம்.

மரபான சோதனை வளர்த்துப் பார்க்கும் முறையாகும். நீரை வடிதாளில் வடித்து, ஊட்டத்தின் மேல் வைத்து, வெதுவெதுப்பான பெட்டியில் காப்பர். வடிதாளில் தங்கிய ஓர் உயிரணு பலவாகப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகும்வரை காத்திருக்க வேண்டும். உகந்த சூழலில் ஈ.கோலி ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 24 முறை இரட்டித்தால் 1 கோடியே 67 லட்சத்தைக் கடக்கும். அதற்கே 8 மணி நேரம் வேண்டும். சுத்திகரிப்பில் நலிந்த உயிரணு தேறி எழ மேலும் நேரமாகும். ஆகவே, முடிவு கிட்ட 18 முதல் 24 மணி நேரம் ஆகிறது. நீரோ காத்திருப்பதில்லை. இன்று வரும் 'கண்டறியப்படவில்லை' நேற்றைய நீரைப் பற்றிய கூற்று.

இக்கால இடைவெளியைக் குறைக்கவே ஆலையிலேயே, நிமிடக் கணக்கில் விடைதரும் முறைகள் உருவாயின. அவற்றுள் ஒன்று மின்மினியிடம் பெற்ற பாடம். உயிருள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஏடிபி எனும் சேர்மத்தைத் தன் ஆற்றல் நாணயமாகக் கொண்டுள்ளது. மின்மினியை ஒளிரச் செய்யும் லூசிஃபெரேஸ் எனும் நொதியையும் லூசிஃபெரின் எனும் பொருளையும் நீருடன் சேர்த்தால், ஏடிபியின் அளவுக்கேற்ப ஒளி தோன்றும். அவ்வொளியைக் கருவி அளக்கும். மற்றொரு முறையில், மரபுப்பொருளோடு பிணையும் சாயத்தை நீரில் இட்டு, உயிரணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு எண்ணுவர். சவ்வு சிதைந்த உயிரணுவினுள் மட்டும் புகும் இரண்டாம் சாயத்தையும் சேர்த்தால், முழுமையானவற்றையும் சிதைந்தவற்றையும் பிரித்தறியலாம்.

விரைவு கிட்டியது, ஆயின் வினா மாறிவிட்டது. வளர்ப்பு முறை, 'பெருகவல்ல ஈ.கோலி உண்டா?' என்று வினவுகிறது. மின்மினி முறை, 'உயிராற்றல் எவ்வளவு?' என்று வினவுகிறது. சாயமுறை, 'உடல் குலையாத உயிரணு எத்தனை?' என்று வினவுகிறது. பின்னிரண்டும் இனத்தின் பெயரைச் சொல்வதில்லை. தீங்கற்ற நீர்வாழ் பாக்டீரியாவும் குடலிலிருந்து வந்த ஈ.கோலியும் அவற்றின் கணக்கில் ஒன்றே.

இங்குதான் 'உயிர்' எனும் சொல் நம்மைச் சோதிக்கிறது. புற ஊதாக் கதிர் உயிரணுவின் சவ்வைக் கிழிப்பதில்லை. மரபுப்பொருளைச் சிதைத்துப் பெருக்கத்தைத் தடுக்கிறது. அக்கதிர்பட்ட உயிரணுவைச் சாயமுறை முழுமையானதாக எண்ணும். அதில் ஏடிபியும் சிறிது காலம் எஞ்சியிருக்கும். வளர்ப்புத் தட்டிலோ அது முளைக்காது. ஒரே உயிரணுவை ஒரு கருவி 'உளது' என்கிறது. மற்றொன்று 'இலது' என்கிறது. இரண்டும் பொய்யுரைக்கவில்லை, உயிர் என்பதற்கு அவை கொண்ட வரையறை வெவ்வேறு. மறுபுறம், நீரில் வாழும் பாக்டீரியாவுள் மிகப் பெரும்பாலானவை வழக்கமான ஊட்டத்தில் வளர்வதே இல்லை. எனவே, வெறுந்தட்டு வெறுநீருக்குச் சான்றாகாது.

ஆதலின் விரைவு முறையை வளர்ப்பு முறைக்கு மாற்றாகக் கொள்ளாது, அதற்கு முன்செல்லும் காவலனாகக் கொள்வதே தகும். சவ்வைக் கடந்த நீரில் நாள்தோறும் காணும் எண்ணிக்கை இன்னது என்று ஆலையினர் அறிந்திருந்தால், அது திடீரென உயரும்போது பெயர் தெரியாமலே வாயிலை அடைக்கலாம். பெயரை மறுநாள் தட்டு சொல்லும். எச்சரிக்கை ஒன்று, தீர்ப்பு மற்றொன்று. எச்சரிக்கையைத் தீர்ப்பாகக் கொண்டால் நல்ல நீர் வீணாகும். தீர்ப்புக்காக மட்டும் காத்திருந்தால் தீய நீர் வீடு சேரும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்கு எளிதில் கொண்டு செல்லலாம். 'கண்டறியப்படவில்லை' எனும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, 'யாரால்? எம்முறையால்? எப்பொழுது? எவ்வளவு நீரில்?' என்று மாணவரைக் கேட்கச் செய்க. செயப்பாட்டு வினை மறைத்து வைத்த வினைமுதலைத் தேடும் இலக்கணப் பயிற்சி இது. அதே வினாக்களைத்தான் நீரைக் காப்போரும் நாள்தோறும் கேட்கின்றனர்.