'அடுத்து என்ன?'ன்னு யார் கேக்கணும்?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. முதல் எபிசோட்லயே நாலு பசங்க ஒரு மேசையைச் சுத்தி உக்காந்து, பகடையை உருட்டி, டெமோகார்கன்கிட்ட மாட்டிக்கிட்டுக் கத்துவாங்களே, அதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா: ஒருத்தர் கேம் மாஸ்டர். அவர் ஒரு உலகத்தை வாயாலேயே விவரிப்பார். மத்தவங்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். "நான் கதவை உடைக்கிறேன்", "நான் காவலாளிகிட்ட பொய் சொல்றேன்" என்று அவங்க சொல்வாங்க. நடக்குமா நடக்காதா என்பது சந்தேகமா இருந்தா பகடை முடிவு பண்ணும். அவ்வளவுதான். ஹாஸ்டல் ரூம், நாலு பேர், ஒரு நோட்டு, கொஞ்சம் பகடை இருந்தா போதும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாவே கிடைக்குது.

ஆரம்பிக்கிறது சுலபம். ஓட்டறதுதான் கஷ்டம். முதல் வாரம் ஆறு பேர் வருவாங்க. மூணாவது வாரம் நாலு பேர். ஐந்தாவது வாரம் "மச்சி, ரெக்கார்ட் எழுதணும்டா"ன்னு மெசேஜ் வரும். அதுக்கப்புறம் வாட்ஸாப் குரூப்ல குட்மார்னிங் போடக்கூட ஆள் இருக்காது. பழி ரெக்கார்ட் நோட்டு மேல விழும். பல நேரம் உண்மையான காரணம் வேற. கேம் மாஸ்டர் ரெண்டு வாரம் கண் முழிச்சு ஒரு பெரிய கதை எழுதி வெச்சிருப்பார். ராஜா கூப்பிடுவார், வேலை கொடுப்பார், பிளேயர்கள் போய் முடிச்சுட்டு வருவாங்க, ராஜா அடுத்த வேலை கொடுப்பார். மேசையைச் சுத்தி உக்காந்திருக்கிற எல்லாரும் கேம் மாஸ்டர் முகத்தையே பார்ப்பாங்க: "அடுத்து என்ன?" ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்விக்கு ஒரே ஆள் பதில் தயாரிக்கணும். ஆறு பேர் விளையாட்டை ஒருத்தர் தோள்ல தூக்கினா அவர் எத்தனை வாரம் தாங்குவார்? செமஸ்டர் நடுவுல அவர் கைய விரிச்சா விளையாட்டு முடிஞ்சது.

இதைத் திருப்பிப் போட ஒரு வழி இருக்கு. கேள்வியைக் கேம் மாஸ்டர் கேக்கட்டும், பதிலைப் பிளேயர்கள் சொல்லட்டும். கேரக்டருக்கு என்ன வேணும், அதை அடைய இன்னிக்கு என்ன செய்யப்போறான் என்பதைப் பிளேயரே முடிவு பண்ணுவார். அந்த முயற்சிக்குக் குறுக்கே உலகம் எப்படி நிக்குது என்பதைக் கேம் மாஸ்டர் பார்த்துக்குவார். ராஜா கூப்பிடும் வரைக்கும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏதோ புது ஃபேஷன்னு நினைச்சுடாதீங்க. இந்த விளையாட்டு பிறந்ததே இப்படித்தான். 1969-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் தன் போர் விளையாட்டு நண்பர்களுக்காக ஒரு ஆட்டம் அமைச்சார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். வழக்கமா ரெண்டு பேர் ரெண்டு படைகளை நகர்த்துவாங்க. வந்த கூட்டம் அதிகம் என்பதால, மீதி ஆட்களுக்கு மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் மாதிரி வேஷங்களையும் ஆளுக்கொரு நோக்கத்தையும் கொடுத்தார். சண்டை ஆரம்பிக்கும் முன்னாடியே ஆட்கள் ஓரமா போய் ரகசியம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் துவந்த யுத்தத்துக்கே கூப்பிட்டுட்டாங்க. அதுக்கு விதியே கிடையாது. வெஸ்லி அங்கேயே யோசிச்சு ஒண்ணு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஆட்டம் சொதப்பிடுச்சுன்னுதான் அவர் நினைச்சார். விளையாடினவங்களோ இன்னொண்ணு எப்போன்னு கேட்டாங்க.

அந்தக் கூட்டத்துல ஒருத்தர் டேவ் ஆர்ன்சன். அதே வரிசையில் பின்னாடி வந்த ஒரு ஆட்டத்துல, ஒரு சின்ன லத்தீன் அமெரிக்க நாட்டுல துண்டுப் பிரசுரம் கொடுக்கிற புரட்சிக்காரர் வேஷம் அவருக்கு. மனுஷன் தான் சிஐஏ ஆள்னு மத்தவங்களை நம்ப வெச்சு, கடைசியில நாட்டு கஜானாவோட கிளம்பிட்டார். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கலை! இதே ஆர்ன்சன்தான் அப்புறம் பிளாக்மூர் என்ற கற்பனை உலகத்தை நடத்தினார். கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார். ஆக, கேம் மாஸ்டர் எழுதிவெச்ச கதையைப் பிளேயர்கள் வரிசையா நடந்து முடிக்கிறது பின்னாடி வந்த பழக்கம்னே சொல்லலாம்.

சரி, எப்படிப் பண்றது?

எல்லாம் குறிக்கோள்ல இருந்து ஆரம்பிக்குது. கேரக்டர் ஷீட்ல வலிமை எவ்வளவு, கத்தி என்ன ரகம்னு எழுதும்போதே 'இவனுக்கு என்ன வேணும்'னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. லூக் கிரேன் எழுதிய பர்னிங் வீல் (2002) என்ற விளையாட்டுல இது விதியாவே இருக்கு. ஒவ்வொரு கேரக்டருக்கும் மூணு 'நம்பிக்கை'கள் எழுதணும். அதுக்காகப் பாடுபட்டா பிளேயருக்குப் பரிசுப் புள்ளி. அந்த நம்பிக்கைகளைச் சோதிக்கிறதே கேம் மாஸ்டரோட வேலை. நீங்க எந்த விளையாட்டு ஆடினாலும் இந்தப் பழக்கத்தை மட்டும் தூக்கிட்டு வந்துடலாம்.

ஆனா எல்லா வரியும் வேலைக்கு ஆகாது. "பெரிய வீரன் ஆகணும்" என்பது குறிக்கோள் மாதிரி தெரியும். அதைக் கையில வெச்சுக்கிட்டு சனிக்கிழமை ராத்திரி என்ன செய்வீங்க? எங்க போவீங்க, யார் தடுப்பாங்க, எப்போ முடியும்? ஒண்ணுக்கும் பதில் இல்லை. "எங்க அப்பாவோட கப்பலைக் கடனுக்குப் பிடுங்கின வணிகன்கிட்ட இருந்து அதை மீட்கணும்" - இப்போ பாருங்க. கப்பல் இருக்கு, எதிரி இருக்கான், திருடலாம், வாங்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம், தோத்தும் போகலாம். தோக்க வாய்ப்பே இல்லாத குறிக்கோளை ஏத்துக்காதீங்க. அதே மாதிரி "யாரும் என்னைக் கண்டுபிடிக்கக் கூடாது" போன்ற 'நடக்கக் கூடாது' வகை குறிக்கோள்களும் ஆபத்து. அதை எழுதினவர் ஒரு மூலையில ஒளிஞ்சுட்டுதான் இருப்பார். "என் மேல போட்ட பொய் வழக்கை உடைக்கணும்"னு மாத்தச் சொல்லுங்க, அவரே எழுந்து நடக்க ஆரம்பிப்பார்.

ஆளுக்கு ஒண்ணு போதுமான்னு கேட்டா, ரெண்டு மூணு இருக்கட்டும். ஒண்ணு ரெண்டு செஷன்ல முடியற மாதிரி, ஒண்ணு கொஞ்சம் நீளமா.

இப்போ கேம் மாஸ்டர் பக்கம் வருவோம். ஒரு துறைமுக நகரம்னு வெச்சுக்கோங்க. திருடிக்குக் கப்பல் வேணும். பூசாரிக்கு, பாழடைஞ்ச கோயில்ல மறுபடி விளக்கு ஏத்தணும். வாள் வீரனுக்கு, சுரங்கத்துக்கு அடிமையா விற்கப்பட்ட தம்பியைக் கண்டுபிடிக்கணும். மூணு திசை, மூணு கதை, மேசையே பிச்சுக்கிட்டுப் போயிடுமேன்னு பயம் வரும். இங்கதான் உங்க மூளைக்கு வேலை. கப்பலைப் பிடுங்கின அதே வணிகன், பாழடைஞ்ச கோயிலைத்தான் கள்ளச்சரக்குக் கிடங்கா வெச்சிருக்கான். அந்தக் கப்பல்லதான் சுரங்கத்துக்கு ஆள் போகுது. ஒரே ஆளை எழுதினீங்க, மூணு பேருக்கும் அவன் வேணும். இப்போ மூணு பேரும் சேர்ந்து ராத்திரி கிடங்குக்குள்ள நுழையறாங்க. கோயிலுக்குள்ள கட்டிப்போட்ட பத்து அடிமைகள். கப்பல் சாவி ஒரு பக்கம், ஆட்களை விடுவிச்சா காவலாளிகள் முழிச்சுக்குவாங்க. எதை எடுக்கிறது? இந்தச் சண்டை மேசையில நடக்கும்போது நீங்க வாயை மூடிட்டு டீ குடிக்கலாம். அதைவிட சுகமான நிமிஷம் இந்த வேலையில கிடையாது.

கவனிச்சீங்களா, இதுல கதைன்னு எதையும் நீங்க எழுதலை. ஒரு ஆள், அவனுக்கு என்ன வேணும், அவன்கிட்ட என்ன இருக்கு, யாரும் தடுக்காட்டி அடுத்து என்ன செய்வான்: ஒரு பக்கம் போதும். அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பிளேயர்கள் செயல்படற ஆட்கள்னா எதிரிகளும் செயல்படற ஆட்களா இருக்கணும். ஜான் ஹார்ப்பர் உருவாக்கி 2017-ல் புத்தகமா வந்த பிளேட்ஸ் இன் தி டார்க், இதுக்கு அழகான கருவி ஒண்ணு கொடுக்குது: கடிகாரம். ஒரு வட்டம் போட்டு நாலாகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரிங்க. மேல "வணிகன் கப்பலை வெளிநாட்டுக்காரனுக்கு விக்கிறான்"னு எழுதுங்க. பிளேயர்கள் நேரம் கடத்தினாலோ சொதப்பினாலோ ஒரு துண்டை நிரப்புங்க. எல்லாம் நிரம்பினா கப்பல் போச்சு. வட்டத்தை மேசை நடுவுல எல்லாருக்கும் தெரியற மாதிரி வைங்க. ஆறுல நாலு நிரம்பினதைப் பார்த்தா, "அடுத்து என்ன?"ன்னு உங்களை யாரும் கேக்க மாட்டாங்க.

அதே விளையாட்டுல இன்னொரு நல்ல விஷயம். தானா முடிவெடுக்கிற பிளேயர்களுக்கு ஒரு வியாதி உண்டு: திட்டம் போட்டே மூணு மணி நேரத்தை முடிச்சிடுவாங்க. நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூ மாதிரி, பிபிடி ரெடி, ப்ராஜெக்ட் இல்லை. பிளேட்ஸ்ல திட்டத்தை விலாவாரியாப் போட விடறதே இல்லை. எந்த வகைத் தாக்குதல்னு ஒரு விவரம் சொல்லிட்டா பகடையை உருட்டி நேரா களத்துல இறக்கிடுவாங்க. நடுவுல "நேத்தே அந்தக் காவலாளிக்குக் காசு கொடுத்துட்டேன்"னு பிளாஷ்பேக் போட்டுக்கலாம், அதுக்கு ஒரு விலை கொடுக்கணும். எந்த விளையாட்டுலயும் இதைச் சேர்த்துக்கலாம்.

சிக்கல்கள் இல்லாம இல்லை. "எனக்கு எதுவும் வேணாம், நீங்க போற இடத்துக்கு வர்றேன்"னு ஒருத்தர் எப்பவும் இருப்பார். அவரைத் துரத்தாதீங்க. பன்னிரண்டு வருஷம் கேள்வித்தாள்ல இருக்கிற கேள்விக்கு மட்டும் பதில் எழுதியே வளர்ந்த நம்மகிட்ட, திடீர்னு "உனக்கு என்ன வேணும்?"னு கேட்டா முழிக்கத்தான் செய்வோம். அவருக்கு வெத்துத்தாளைக் கொடுக்காம, ரெண்டு மூணு தேர்வுகளைக் கொடுங்க: உன் கேரக்டர் யாருக்குக் கடன்பட்டிருக்கான், யாரைப் பார்த்தா பொறாமை? அந்தப் பதில்ல இருந்தே குறிக்கோள் கிடைச்சிடும். சிலருக்குக் கூட்டத்தோட சிரிச்சுட்டுப் பகடை உருட்டறதே போதும். அதுவும் நியாயமான ஆசைதான், விட்டுடுங்க.

ரெண்டு பேர் குறிக்கோள் நேருக்கு நேர் மோதினா? கேரக்டர்கள் சண்டை போடலாம், ஆனா போடறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு பிளேயர்களும் சரின்னு சொல்லணும். "என் கேரக்டர் அப்படித்தான்"னு சொல்லி இன்னொருத்தர் ராத்திரியைக் கெடுக்கிறவரை அங்கேயே நிறுத்துங்க. அதனாலதான் முதல் செஷன்லயே எல்லாரும் ஒண்ணா உக்காந்து குறிக்கோள் எழுதணும். தனித்தனியா வீட்ல எழுதிட்டு வந்தா கோர்க்கவே முடியாது. இன்னொண்ணு: பிளேயர்கள் முடிவு பண்றாங்க என்பதால நீங்க எல்லாத்துக்கும் தலையாட்டணும்னு அர்த்தமில்லை. எதை முயற்சி பண்றதுன்னு அவங்க சொல்லட்டும். அது எவ்வளவு கஷ்டம், தோத்தா என்ன ஆகும்னு நீங்க சொல்லுங்க, அதையும் பகடை உருட்டறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. அபாயம் தெரியாம எடுக்கிற முடிவு முடிவே இல்லை, அது வெறும் லாட்டரி.

நம்ம காலேஜ் வாழ்க்கைக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு முறை இருக்கு. அமெரிக்க கேம் வடிவமைப்பாளர் பென் ராபின்ஸ் 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்ற பேர்ல ஒரு கேம்பெயின் நடத்தினார். நிலையான நாள் கிடையாது, நிலையான குழு கிடையாது, தொடர்கதையும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பிளேயர்கள் கொண்ட ஒரு கூட்டம். அதுல யாருக்கு நேரம் இருக்கோ அவங்க தங்களுக்குள்ள பேசி, "வர்ற ஞாயிறு நாங்க நாலு பேர் அந்த ஆத்தங்கரை இடிபாட்டுக்குப் போறோம்"னு முன்கூட்டியே கேம் மாஸ்டருக்குச் சொல்லணும். அவர் அந்த இடத்தை மட்டும் தயார் பண்ணுவார். ஊர் பத்திரமான இடம். ஊரை விட்டுத் தள்ளிப் போகப்போக ஆபத்து கூடும். செஷன் முடியறதுக்குள்ள எல்லாரும் ஊருக்குத் திரும்பிடணும், ஏன்னா அடுத்த தடவை வேற நாலு பேர் கிளம்புவாங்க. போனவங்க பார்த்ததை எல்லாருக்கும் பொதுவான ஒரு வரைபடத்துல குறிச்சு வைப்பாங்க. "அங்க ஒரு மூடின கதவு இருக்கு, எங்களால திறக்க முடியலை"ன்னு ஒரு குழு எழுதி வெச்சா, அடுத்த குழுவுக்கு வேற தூண்டுதலே வேண்டாம்.

இன்டர்னல் வருது, லேப் வருது, சிம்போசியம் வருது, யாரும் எல்லா வாரமும் வர முடியாது. இந்த முறையில அது ஒரு குறையே இல்லை. மெக் பசங்க நாலு பேர் இந்த வாரம், இசிஇ பொண்ணுங்க மூணு பேர் அடுத்த வாரம், எல்லாரும் ஒரே உலகத்துல. ஹாஸ்டல் காமன் ரூம் சுவத்துல ஒரு சார்ட் பேப்பர் ஒட்டினா வரைபடம் ரெடி (வார்டன்கிட்ட கேட்டுட்டு ஒட்டுங்க). ஒரே ஒரு கண்டிப்பு: நாளைக் குறிக்கிறதும் ஆள் சேர்க்கிறதும் பிளேயர்கள் வேலை. கேம் மாஸ்டர் குரூப்ல "இந்த வாரம் யார் யார் வர்றீங்க?"ன்னு கெஞ்ச ஆரம்பிச்சா பழைய கதைதான்.

எந்த முறையில ஆடினாலும், செஷன் முடிஞ்சு எல்லாரும் பையைத் தூக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பிடிச்சு வைங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் அடுத்த தடவை என்ன செய்யப்போறீங்கன்னு கேட்டு, பதிலை நோட்டுல எழுதிக்கோங்க. மனசு சூடா இருக்கும்போது சொல்ற பதில் வாரக் கடைசியில மெசேஜ்ல வராது. அந்த வாரம் நீங்க தயாரிக்க வேண்டியது அந்தப் பதில்களுக்கு மட்டும்தான்.